வசனமே இல்லாத படத்துக்கு எழுத்தாளர் எதற்கு?

ஈவா என்று ஓர் இளம்பெண். மலிவுச் சாமான் கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் வேலை. கிடைக்கிற சம்பளம் அப்படியே அம்மா கைக்குப் போய்விடுகிறது. வீட்டில் தங்கைகள் இருக்கிறார்கள். அப்பாவோ வேலை தேடப் போகாமல் கட்டிலில் சாய்ந்து மலிவுப் பதிப்பு நாவல் படித்துக்கொண்டிருக்கிறார். ஈவாவின் பூட்ஸ் அடி தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. ஓர் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் பாத அளவுக்கு வெட்டி, உள்ளே வைத்துக்கொள்கிறாள். மழை பிடித்துக்கொள்கிறது. அட்டை ஊறிக் கூழாகிறது. திரும்பவும் அட்டை, திரும்பவும் கத்தரிக்கோல். வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் புது பூட்ஸ் ஒரு ஜோடி காத்துக்கொண்டிருக்கிறது.

1916-இல் அமெரிக்காவில் வெளியான 'ஷூஸ்' என்ற மௌனப் படம் இது. ஈவாவாக நடித்தவர் மேரி மெக்லாரன். திரைக்கதை எழுதி இயக்கியவர் லோயிஸ் வெபர் என்ற பெண்மணி.

முதன்முதலாக மௌனப் படம் பார்க்க உட்காருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். யாரும் பேசுவதில்லை, யாரும் பாடுவதில்லை. பிறகு 'எழுதியவர்' என்று ஒரு பெயர் எதற்கு? நியாயமான சந்தேகம்தான். சினிமா எழுத்து என்றாலே வசனம் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். நல்ல வசனகர்த்தா ஒருவரின் நாலு வரியை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். வசனத்தை எடுத்துவிட்டால் எழுத்தில் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசிக்க நமக்கு வாய்ப்பே அமைவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள லோயிஸ் வெபரின் தொழில்வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போவதுதான் நான் அறிந்த நல்ல வழி.

முதலில் அந்த அட்டையைப் பார்ப்போம். 'ஈவா மிகவும் ஏழை' என்று திரையில் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். வெபர் அப்படிச் செய்யவில்லை. வறுமையை, பார்க்கிறவர்களின் உள்ளங்கால் கூசும்படியான ஒரு செயலாக மாற்றினார். எதைக் காட்ட வேண்டும், எத்தனை முறை காட்ட வேண்டும், எந்த முறையில் அது தாங்க முடியாததாக ஆகும் என்று படப்பிடிப்புக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். மௌனப் படத்தின் எழுத்து இதுதான்.

அந்த வேலை எப்படி ஒரு தொழிலானது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சினிமா பிறந்த புதிதில் படங்கள் சில நிமிடங்களுக்குமேல் ஓடாது. எடுக்கிறவரின் தலைக்குள் ஒரு யோசனை இருந்தால் போதும். 1905-க்குப் பிறகு அமெரிக்க ஊர்களில் ஐந்து சென்ட் கட்டணத்தில் சிறு கொட்டகைகள் மளமளவென்று முளைத்தன. தினமும் படம் மாற்ற வேண்டிய நிலை வந்தது. கதைப் பஞ்சம் ஏற்பட்டது. கம்பெனிகள் பொதுமக்களிடமிருந்தே கதைச்சுருக்கம் வாங்க ஆரம்பித்தன. அதற்கு 'சினாரியோ' என்று பெயர். இன்னார் வருகிறார், இது நடக்கிறது, இப்படி முடிகிறது என்று ஒன்றிரண்டு பக்கம், அவ்வளவுதான். அப்போது ஒரு 'ரீல்' என்பது ஏறத்தாழ 1,000 அடி ஃபிலிம். கேமராவையும் புரொஜெக்டரையும் கையால் சுற்றும் வேகத்தைப் பொறுத்து 10 முதல் 15 நிமிடம் வரை ஓடும். பெரும்பாலான படங்கள் ஒரு ரீலோடு முடிந்துவிடும்.

நடுநடுவே வருகிற எழுத்து அட்டைகளையும் எழுத்தாளர்தான் கவனிக்க வேண்டும். 'மறுநாள் காலை' என்று சொல்கிற அட்டையும் உண்டு, பாத்திரம் பேசுவதைக் காட்டும் அட்டையும் உண்டு. அட்டை அதிகமானால் படம் படிக்கிற புத்தகமாகிவிடும், குறைந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று குழப்பம் வரும். இந்த அளவு தெரிந்தவர்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. படங்கள் நான்கு, ஐந்து ரீல்களாக நீண்டபோது சுருக்கம் மட்டும் போதவில்லை. காட்சிக்குக் காட்சி எண் போட்டு, இடம், ஆட்கள், நடக்கும் செயல் எல்லாவற்றையும் எழுதிய 'கன்டினியூட்டி' என்ற முழுப் பிரதி வந்தது. இன்று நாம் ஷூட்டிங் ஸ்கிரிப்ட் என்கிறோமே, அதன் முன்னோடி. தாமஸ் இன்ஸ் என்ற தயாரிப்பாளர் அதைத் தன் ஸ்டூடியோவின் அடிப்படை ஆவணமாகவே ஆக்கினார். எழுத்தாளர் எழுதித் தருவார், தயாரிப்பாளர் ஒப்புதல் கொடுப்பார், இயக்குநர் அதன்படி எடுத்துத் தருவார். இந்த ஏற்பாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெபரின் கதையில் அது பிற்பாடு வந்து குறுக்கே நிற்கும்.

லோயிஸ் வெபர் 1879 ஜூன் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் அலிகெனி நகரில் பிறந்தவர். அந்த ஊர் பின்னாளில் பிட்ஸ்பர்க்கோடு சேர்ந்துவிட்டது. எஃகு ஆலைகளும் புகையுமான பகுதி. குடும்பம் பக்தி மிகுந்தது. அவருக்குப் பியானோ நன்றாக வரும். இள வயதில் கச்சேரி வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒரு மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பியானோவின் கறுப்புக் கட்டை ஒன்று பெயர்ந்து கையோடு வந்துவிட்டதாம். அதோடு கச்சேரி செய்யும் துணிவே போய்விட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். இதே காலத்தில்தான் ஒரு கிறிஸ்தவ ஊழியக் குழுவோடு சேர்ந்து ஏழைகள் வாழும் தெருமுனைகளில் நின்று துதிப்பாட்டுப் பாடிப் பிரசங்கமும் செய்தார்.

இந்தத் தெருமுனை நாட்கள் முக்கியமானவை. நிற்காமல் நடந்துபோகிற ஆளை நிறுத்தி, ஒரு விஷயத்தை மனசில் இறக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பயிற்சி. படம் எடுக்க வந்த பிறகு, தன் ஆயுள் வேலையைச் சினிமாவில் கண்டுகொண்டதாகவும், மனம் கொண்ட மட்டும் இங்கே பிரசங்கம் செய்ய முடிகிறது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். பிரசங்க வாடை அடிக்கிறது என்று அவர் படங்களைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. சில படங்களில் அந்தக் குறை உண்மைதான். ஆனால் நல்ல படங்களில் அந்த வேகம்தான் உயிராக நிற்கிறது.

பாட்டிலிருந்து நாடகத்துக்கு வந்தார். நாடகக் குழுவில் சந்தித்த ஃபிலிப்ஸ் ஸ்மாலியை 1904-இல் மணந்தார். 1908 வாக்கில், பிரெஞ்சுக் கம்பெனியான கோமானின் அமெரிக்கக் கிளையில் சினிமா வேலை கிடைத்தது. உலகின் முதல் பெண் இயக்குநர் என்று போற்றப்படும் ஆலிஸ் கீயும் அவர் கணவர் ஹெர்பர்ட் பிளாஷேவும் சார்ந்திருந்த கம்பெனி அது. பிறகு 1910 வாக்கில் ரெக்ஸ் என்ற சிறு கம்பெனிக்கு மாறினார். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1903-இல் 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' எடுத்துப் புகழ்பெற்ற எட்வின் போர்ட்டர். ரெக்ஸில் வெபர் எழுதினார், நடித்தார், கணவரோடு சேர்ந்து இயக்கினார். 1912-இல் யுனிவர்சல் கம்பெனி உருவானபோது ரெக்ஸ் அதற்குள் போயிற்று. படங்களில் இருவர் பெயரும் சேர்ந்தே வந்தாலும், எழுதுகிற கை வெபருடையது. காலம் போகப்போக முடிவெடுப்பவரும் அவரே என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யுனிவர்சலின் ஸ்டூடியோ ஊரான யுனிவர்சல் சிட்டியில் 1913-இல் மேயர் தேர்தல் வைத்தார்கள். ஜெயித்தவர் வெபர். அமெரிக்கா முழுக்கப் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியதே 1920-இல்தான்.

அந்த 1913-இல் வந்த 'சஸ்பென்ஸ்' பத்து நிமிடப் படம். மௌனப் பட எழுத்தைக் கற்க நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். கதை சாதாரணமானது. ஒதுக்குப்புறமான வீடு. வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடுகிறாள். உள்ளே தாயும் கைக்குழந்தையும் மட்டும். நாடோடி ஒருவன் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான். அவள் அலுவலகத்தில் இருக்கும் கணவனுக்குப் போன் செய்கிறாள். தாயாக நடித்தவர் வெபரே.

இதே மாதிரிக் கதையை டி. டபிள்யூ. கிரிஃபித் 1909-இலேயே 'தி லோன்லி வில்லா'வில் எடுத்துவிட்டார். வீடு, கணவன், மறுபடி வீடு, மறுபடி கணவன் என்று மாற்றி மாற்றி வெட்டிப் பரபரப்பு ஏற்றுவது அவர் வழி. வெபர் வேறு விதமாக யோசித்தார். திரையையே மூன்று முக்கோணங்களாகப் பிரித்தார். ஒன்றில் போனைப் பிடித்துக்கொண்டு தாய், ஒன்றில் பதறும் கணவன், இன்னொன்றில் நாடோடி. மூன்றும் ஒரே சமயத்தில் நம் கண்முன் நடக்கின்றன. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நாடோடி போன் கம்பியைக் கத்தியால் அறுக்கிறான். போன் செத்துவிட்டது என்பது கணவனுக்கும் அவளுக்கும் தெரிகிற அதே கணத்தில் நமக்கும் தெரிகிறது. இந்த இடத்தில் வசனம் ஒன்று இருந்திருந்தால் அது தொல்லையாகத்தான் இருந்திருக்கும்.

இப்படிப் பிரித்த திரையை அக்காலத்தில் எடுப்பது எப்படி? லென்ஸின் முன்னால் கறுப்புத் தடுப்பு வைத்து, ஃபிலிமின் ஒரு பகுதியில் மட்டும் ஒளி படும்படி முதல் ஆளின் காட்சியை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, எடுத்த பகுதியை மறைத்து, அடுத்த பகுதியைத் திறந்து இரண்டாம் ஆளை எடுப்பார்கள். அப்புறம் மூன்றாமவர். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 ஃபிரேம். விநாடிக்கு இரண்டு சுற்று என்பது பொதுவான கணக்கு. எத்தனையாவது சுற்றில் போனை எடுக்க வேண்டும், எத்தனையாவது சுற்றில் கம்பி அறுபட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே எடுக்க வேண்டும். ஒன்று பிசகினால் மூன்றும் வீண். இந்த நேரக்கணக்கைப் படப்பிடிப்புத் தளத்தில் வந்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. காகிதத்திலேயே படம் முடிந்திருக்க வேண்டும். எழுதியவரே இயக்குவதன் பலன் எங்கே என்று கேட்டால் இங்கேதான் என்று காட்டுவேன்.

அதே படத்தில் இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. மாடி ஜன்னலிலிருந்து தாய் எட்டிப் பார்க்கிறாள். நேர் கீழே நிற்கும் நாடோடி சட்டென்று தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிறான், அதாவது கேமராவுக்குள், நம்மை. பிறகு, கணவன் தெருவில் நின்ற வேறொருவர் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். காரின் சொந்தக்காரரும் போலீசும் துரத்துகிறார்கள். துரத்தி வரும் கார், முன்னே போகும் காரின் பக்கக் கண்ணாடிக்குள் சின்னதாகத் தெரிகிறது. துரத்துபவர், தப்புபவர், நடுவிலுள்ள தூரம் எல்லாம் ஒரே ஷாட்டில் வந்துவிடுகின்றன. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த ஷாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிமிர்ந்து உட்காரத்தான் தோன்றுகிறது.

1914-இல் ஷேக்ஸ்பியரின் 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' படத்தை ஸ்மாலியோடு சேர்ந்து இயக்கினார். அமெரிக்காவில் முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயர் அதனால் கிடைத்தது. படம் இன்று இல்லை. அதே ஆண்டில் பாஸ்வொர்த் கம்பெனிக்குப் போனார். 1915-இல் வந்தது 'ஹிப்பக்ரிட்ஸ்', அதாவது வேஷதாரிகள்.

அதில் கேப்ரியல் என்ற துறவி சத்தியத்துக்கு ஒரு சிலை வடிக்கிறார். திரை விலக்கும்போது சிலை ஆடையில்லாமல் நிற்கிறது. வெகுண்ட கூட்டம் அவரைக் கொன்றுவிடுகிறது. இக்காலத்தில் அதே முகத்தோடு ஒரு போதகர் வருகிறார். அவர் கனவில் அந்த நிர்வாண சத்தியம் உயிர்பெற்று, அரசியல், காதல், குடும்பம் என்று ஒவ்வோரிடமாகப் போய்க் கண்ணாடி பிடித்துக் காட்டுகிறது. சத்தியமாக வரும் பெண், பின்னாலுள்ள பொருள்கள் தெரியும்படி புகைபோல நகர்கிறாள். ஒரே ஃபிலிமில் இரண்டு முறை ஒளிபடச் செய்யும் 'டபுள் எக்ஸ்போஷர்' உத்தி அது. மற்றவர்கள் பேய்க்காட்சிக்குப் பயன்படுத்திய உத்தியை, 'உண்மை நம் நடுவில்தான் உலவுகிறது, நாம்தான் அதன் ஊடாக நடந்துபோகிறோம்' என்ற கருத்துக்கு அவர் பயன்படுத்தினார். கருத்தைப் படமாக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு குறும்படமாவது எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஓஹையோ மாநிலம் படத்தைத் தடை செய்தது. மற்ற ஊர்களில் கூட்டம் அலைமோதியது. அந்த 1915 பிப்ரவரியில்தான், ஓஹையோ தணிக்கை தொடர்பான ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா என்பது வெறும் வியாபாரம், அதற்குக் கருத்துரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. அந்த நிலை மாற 1952 வரை ஆயிற்று. ஆக வெபர் தன் பிரசங்கத்தைச் செய்ததெல்லாம் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத ஒரு மேடையில் நின்றுகொண்டு.

யுனிவர்சல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1916 அவருடைய உச்சம். அந்த ஒரே ஆண்டில் அபின் பழக்கம் பற்றி 'ஹாப், தி டெவில்ஸ் புரூ', மரண தண்டனையை எதிர்த்து 'தி பீப்பிள் வெர்சஸ் ஜான் டோ', ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவை வைத்து 'தி டம்ப் கேர்ள் ஆஃப் போர்டிச்சி' என்று வரிசையாக வந்தன. இயக்குநர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண்ணும் அந்த ஆண்டில் அவரானார். கம்பெனியில் அவருக்கிருந்த மதிப்பு எந்த ஆண் இயக்குநருக்கும் குறைந்ததில்லை. பெரிய சம்பளமும் வாங்கினார்.

அந்த ஆண்டின் 'வேர் ஆர் மை சில்ட்ரன்?' பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். கருத்தடை பற்றிய தகவலைத் தபாலில் அனுப்புவதே 1873-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாக இருந்த நாட்டில் கருத்தடை, கருக்கலைப்பு இரண்டையும் திரைக்குக் கொண்டுவந்த படம் அது. அந்தத் துணிவை மறுக்க முடியாது. ஆனால் ஏழைகள் குழந்தை பெறுவதைக் குறைக்க வேண்டும், வசதியானவர்கள் பெறாமலிருப்பது பாவம் என்ற அக்கால இன மேம்பாட்டுக் கொள்கையின் சாயல் அதில் அழுத்தமாக இருக்கிறது. இன்று பார்த்தால் நெஞ்சு உறுத்தும். முடிவுக்காட்சியின் எழுத்து மட்டும் மறக்க முடியாதது. குழந்தையில்லாத தம்பதி கணப்பின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறக்காத குழந்தைகள் நிழலாக வந்து அவர்களைச் சூழ்கின்றன. ஆண்டுகள் நகர்கின்றன, நிழல்களும் வளர்ந்து பெரியவர்களாகின்றன. தம்பதி அதே நாற்காலிகளில் கிழடாகிப்போகிறார்கள். பென்சில்வேனியாவில் படத்துக்குத் தடை விழுந்தது. கருத்தடையைப் பற்றியே 1917-இல் இன்னொரு படம் எடுத்து, அதில் தானே நடித்தார். அது தொலைந்துபோயிற்று.

இனி 'ஷூஸ்' படத்துக்குத் திரும்பலாம். அதன் மூலம் மிக எளியது. சிகாகோவில் ஏழைகளுக்காக ஹல் ஹவுஸ் இல்லத்தை நடத்திய சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் 1912-இல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஒரு கடைப் பெண்ணைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. மூன்றாம் முறை அடி மாற்றவும் தாங்காத நிலைக்குக் காலணி வந்துவிட்டது. புதியது வாங்க அவளிடம் சேர்ந்திருந்தது 90 சென்ட். அதற்குமேல் போராட முடியாமல் ஒரு ஜோடி ஷூவுக்காகத் தன்னை விற்றுக்கொண்டாள். இதிலிருந்து ஸ்டெல்லா வின் ஹெரன் ஒரு சிறுகதை எழுதினார். அதிலிருந்து வெபர் திரைக்கதை எழுதினார்.

சில வரிகள் ஐந்து ரீல் படமாவது எப்படி என்று பாருங்கள். வரியில் இருப்பது முடிவு மட்டும். அந்த முடிவுக்கு ஒரு பெண் வந்து சேரும் நாட்களை எழுத்தாளர்தான் உண்டாக்க வேண்டும். வெபர் அந்த நாட்களைக் கால்களால் எழுதினார். நின்று நின்று வலிக்கும் கால், ஈரத்தில் சில்லிடும் கால், எதிரே நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிற மற்றவர்களின் கால்கள். ராத்திரி ஈவா தூங்கும்போது 'வறுமை' என்று எழுதிய ராட்சதக் கை ஒன்று அவள்மேல் கவிகிறது. எனக்கு இந்தக் கை கொஞ்சம் மிகையாகப் படுகிறது. அட்டை செய்துமுடித்த வேலையைக் கை திரும்பச் செய்கிறது. ஆனால் காபரே பாடகன் சார்லியைப் பார்க்கக் கிளம்புமுன் ஈவா விரிசல் விட்ட கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் ஷாட் வேறு தரம். என்ன நடந்தது என்று படம் காட்டுவதே இல்லை. காலையில் புது பூட்ஸோடு வீட்டுக்கு வருகிறாள். அம்மாவின் பார்வை பூட்ஸுக்குப் போகிறது, முகத்துக்கு வருகிறது. மகள் அம்மா மடியில் முகம் புதைக்கிறாள். அப்போதுதான் அப்பா, தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தியோடு வருகிறார்.

1917-இல் லோயிஸ் வெபர் புரொடக்ஷன்ஸ் பிறந்தது. தோட்டமும் வீடுமாக இருந்த ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்த ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். மற்ற ஸ்டூடியோக்களில் கன்டினியூட்டி பிரதியை வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் எடுத்துத் தள்ளுவார்கள். செலவு மிச்சம். முடிவுக்காட்சியை முதல் நாளும், முதல் சந்திப்பைக் கடைசி நாளும் நடிகர்கள் நடிக்க நேரிடும். வெபர் கூடுமானவரை கதை போகும் வரிசையிலேயே எடுத்தார். செட் போடுவதற்குப் பதில் ஜனங்கள் வாழும் உண்மையான வீடுகளுக்குள் கேமராவைக் கொண்டுபோனார். எழுத்தும் இயக்கமும் தயாரிப்பும் ஒரே கையில் இருந்ததால்தான் இது முடிந்தது.

அந்தக் காலத்தின் சிறந்த விளைச்சல் 1921-இன் 'தி பிளாட்'. கறை என்று பொருள். சம்பளம் போதாத ஒரு கல்லூரிப் பேராசிரியரின் வீடு. மகள் அமீலியா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். நடித்தவர் கிளேர் வின்ட்சர். அவளை விரும்பி வீட்டுக்கு வரும் பணக்கார மாணவன் ஃபில். நடித்தவர் லூயி கால்ஹெர்ன். அடுத்த வீட்டில் ஷூ தயாரித்து நல்ல காசு பார்க்கும் குடும்பம். அங்கே சாப்பாடு வழிகிறது. இங்கே கிழிந்த கம்பளம், பஞ்சு பிதுங்கும் நாற்காலி. ஃபில்லின் கண் அவற்றில் ஒவ்வொன்றாகப் பட்டுப் பட்டு நகர்கிறது. விருந்தாளியின் பார்வை போகும் இடமெல்லாம் பேராசிரியர் மனைவிக்கும் தெரிகிறது. கௌரவமாக வாழ்ந்து நொடித்த வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த அம்மாவின் மனம் என்ன பாடுபடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதா?

மகள் காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். சத்தான ஆகாரம் கொடுக்க வேண்டும். கையில் காசில்லை. அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் சமைத்த கோழி இருக்கிறது. அம்மா நெருங்குகிறாள், தயங்குகிறாள், எடுத்துவிடுகிறாள். மனம் கேட்காமல் திரும்ப வைத்துவிடுகிறாள். வெபரின் எழுத்து வேலை இதற்குப் பிறகுதான் தெரிகிறது. ஜன்னல் வழியே மகள் பார்க்கிறாள், ஆனால் எடுத்ததை மட்டும் பார்க்கிறாள். வைத்ததைப் பார்க்கவில்லை. அம்மா திருடவில்லை என்பது நமக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. பின்னால் அம்மா கோழியைக் கொண்டுவந்து வைக்கும்போது, அது வேறு வழியில் வந்தது என்றாலும், மகளால் வாயில் வைக்க முடிவதில்லை. ஒரு பாத்திரம் எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்ற ஒன்றை வைத்தே அரை மணி நேரத்துக்கு நெஞ்சைப் பிசையலாம் என்று திரைக்கதை வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள் அல்லவா, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அதற்குள் சந்தை மாறிவிட்டது. முதல் உலகப் போர் முடிந்தபின் ரசிகர்கள் ஆடம்பரத்தையும் வேகத்தையும் தேடினார்கள். அதைவிடப் பெரிய காரணம் பணம். படத்தைத் தயாரிப்பது, விநியோகிப்பது, தியேட்டர் நடத்துவது மூன்றையும் சில பெரிய கம்பெனிகளே வைத்துக்கொண்டன. வெளி ஆட்கள் எடுத்த படத்துக்குத் திரை கிடைப்பது கஷ்டமாயிற்று. இன்ஸ் வகுத்த பாதை தொழிற்சாலை முறையாக இறுகியது. எழுதுவது ஒரு துறை, இயக்குவது ஒரு துறை, மேலே தயாரிப்பாளர். எல்லாம் நானே என்று நின்றவர்களுக்கு அதில் இடமில்லை. பெண்களை எழுத்துத் துறையில் வைத்துக்கொண்டார்கள், இயக்குநர் நாற்காலியிலிருந்து மெல்ல மெல்ல இறக்கினார்கள். யுனிவர்சலில் ஒரு காலத்தில் ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், ரூத் ஆன் பால்ட்வின் என்று பல பெண்கள் இயக்கிக்கொண்டிருந்தார்கள். 1920-களின் நடுவில் அந்தப் பட்டியல் கரைந்துவிட்டது. வெபரின் கம்பெனியும் மூடப்பட்டது. 1922-இல் ஸ்மாலியோடு மணமுறிவும் ஏற்பட்டது.

நடுவில் மீண்டு வந்து, பில்லி டவ் என்ற நடிகையை வைத்து 1926-இல் 'தி மேரேஜ் கிளாஸ்', 1927-இல் 'சென்சேஷன் சீக்கர்ஸ்' எடுத்தார். பேசும் படக் காலத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பு, ஹவாய் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் எடுத்த 'ஒயிட் ஹீட்', 1934. அதுவும் இன்று இல்லை. 1939 நவம்பர் 13 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். வயது 60. கையில் காசில்லை. இறுதிச் சடங்குச் செலவை ஏற்றவர் ஃபிரான்சஸ் மரியன். 1910-களின் நடுவில் வெபரிடம் உதவியாளராகச் சேர்ந்து சினிமா கற்றவர். திரை எழுத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் பெண்.

வெபர் எழுதியும் இயக்கியும் விட்டுப்போனவை நூற்றுக்கும் அதிகம். பெரும்பகுதி அழிந்துவிட்டது. அக்கால நைட்ரேட் ஃபிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், பத்திரமாக வைத்தாலும் மெல்ல மட்கும், வைத்துக்கொள்ள யாருக்கும் ஆர்வமும் இல்லை. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில் அசல் வடிவில் எஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் கணக்கிட்டது. 'ஷூஸ்' பிழைத்ததற்கு நெதர்லாந்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே எஞ்சியிருந்த பிரதியிலிருந்து ஆம்ஸ்டர்டாமின் ஐ ஃபிலிம் மியூசியம் படத்தை மீட்டெடுத்தது. 2014-இல் அமெரிக்கா அதைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 2020-இல் 'சஸ்பென்ஸ்' சேர்ந்தது.

பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பத்து நிமிடப் படத்திலிருந்து தொடங்கலாம். முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஷாட் மாறும்போதெல்லாம் கண்ணில் பட்டதை ஒரு வரியாக எழுதிக்கொண்டே வாருங்கள். வேலைக்காரி வீட்டைவிட்டுப் போகிறாள், நாடோடி வருகிறான், தாய் போனை எடுக்கிறாள், கம்பி அறுபடுகிறது. படம் முடியும்போது உங்கள் கையில் இருக்கும் தாள், 1913-இல் வெபரின் மேசைமேல் இருந்த தாளுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்காது.